பத்தியக்காரருக்கு அவித்த வாத்து முட்டை

கோழி வளர்ப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமை. வாத்து வளர்ப்பவர்களிடம் மரியாதை. இரண்டையும் ஒரே முற்றத்தில் விட்டுத் தீனி போடுகிறவர்களைக் கண்டால் பரிதாபம்தான். கல்யாணத்துக்கு முன் மார்த்தாண்டம் பக்கத்து எங்கள் வீட்டில் அந்த உத்தியோகம் என்னுடையது. நாங்கள் திருவிதாங்கூர் மகாராஜாவின் பிரஜைகளாக இருந்த காலம். (எங்கள் சீமைவாத்து மட்டும் யாருக்கும் பிரஜை இல்லை.)

தவிடும் பிண்ணாக்கும் பிசைந்து வைத்தால் கோழி கொத்திக் கொத்தி யோசிக்கும். அதற்குள் வாத்துகள் சட்டியைத் துடைத்துவிடும். போதவில்லை என்று சீமைவாத்து என் காலைக் கடிக்கும்.

போர்டிங் பள்ளியில் படித்த மூளையாயிற்றே, வழி கண்டுபிடித்தேன். சாளை மீன் குவிகிற பருவம் அது. தென்னைக்கு உரமாகப் போட, ஓலைக் கூடையில் கடவம் கடவமாக வந்து இறங்கும். தென்னை கேட்டா அழுகிறது? அள்ளிப் பறவைகளுக்குப் போட்டேன். பித்தளைத் தட்டில் ஒரு தட்டு தட்டினால் போதும், அத்தனையும் ஓடி வரும். சண்டை நின்றது, முட்டை பெருத்தது. என் கைராசியை அம்மா ஊரெல்லாம் பாடினாள். (மூன்று வேளையும் மீன் தின்கிற வீட்டில் முட்டையின் மணத்தை யார் கண்டார்கள்!)

அப்போதுதான் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையை எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகையில் பார்த்திருந்தேன். பாட்டு சுருதி சேராது, ஆள் நன்றாயிருப்பார். இந்தச் சம்பந்தம் அமைய நான் பண்ணாத ஜெபமில்லை. அவருடைய அப்பா முன்னதாகவே ஆளனுப்பியிருந்தார்: தனக்கு வாயுப்பிடிப்புக்கு மருந்து, நாலு மாதமாகப் பத்தியம், மீன் கூடவே கூடாது, அவித்த முட்டையென்றால் தாராளம்.

வாத்து முட்டை அவித்து, நல்லமிளகு தூவி, பித்தளைத் தட்டில் வைத்தேன். மாப்பிள்ளையின் அப்பா ஒரு கடி கடித்தார். கண் பிதுங்கியது.

"வே, இது மீனுல்லா! பத்தியம்னு ஆளனுப்பிச் சொன்னேனா இல்லியா? என்னைக் கொல்லப் பாக்கேரா?"

"அய்யோ, ஒரு வாரமா வீட்டுல மீனே ஏத்தல்ல!" என்றார் அப்பா.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "ஏட்டி, மீன் சட்டியிலயா அவிச்சே?"

"புதுப்பானைம்மா."

அவர் தட்டைத் தரையில் வீசினார். ணங்!

அவ்வளவுதான். என் பரிவாரம் முழுக்க வீட்டுக்குள் பாய்ந்தது. கோழிகள் பெஞ்சில் ஏறின. சீமைவாத்து மாப்பிள்ளையின் வேட்டியைக் கவ்வி இழுக்க, அவர் இரண்டு கையாலும் மானத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு வெட்கம் உயிரைப் பிடுங்கியது. போச்சு, எல்லாம் போச்சு!

"மாமா, வாத்துக்குச் சாளை போட்டது நான்தான். அந்த மணம் முட்டையில ஏறிட்டு."

மாமா மெல்ல உட்கார்ந்தார்.

"அப்போ நான் மீன் திங்கல்ல?"

"இல்ல மாமா."

"வைத்தியர் மீனத்தானே வேண்டாம்னாரு? முட்டை மணத்தப் பத்தி ஒண்ணும் சொல்லல்லியே." கீழே உருண்ட முட்டையைத் துண்டால் துடைத்தார். "நாலு மாசமாச்சு மக்களே, இந்த ருசி கண்டு. இன்னும் ரெண்டு கொண்டா."

அடுத்த மாதமே கல்யாணம். வில்வண்டியில் என்னோடு ஆறு வாத்தும் ஏறின. பெண் பார்க்க வந்த அன்றைக்கு என் முகத்தை யாராவது பார்த்தார்களா என்பது எனக்கு இன்றும் சந்தேகம்தான்.

எங்கள் குடும்பத்தில் யாருக்குப் பெண் பார்த்தாலும், என்ன படிப்பு, என்ன நிறம் என்று பேச்செடுத்ததுமே என் வீட்டுக்காரர் கையமர்த்துவார்.

"அதெல்லாம் கெடக்கட்டும். அந்த வீட்டு வாத்து என்னத்தத் திங்குதுன்னு மொதல்ல கேளுங்க!"