சப்பாத்து வைத்தியர் மடுத்தீன்

மனிதரில் சப்பாத்து வைத்தியர் என்றொரு இனம் இருக்கிறது. நீங்களும் கண்டிருப்பீர்கள். "அண்ணை, அம்மாவுக்குச் சுகமில்லையாம், காயிதம் வந்தது" என்று கண் கலங்கிக்கொண்டு போய் நிற்பீர்கள். அவர் உங்கள் காலைப் பார்த்துக்கொண்டே, "அது கிடக்கட்டும், உதுக்குக் கடைசியாய் எப்ப பொலிஷ் போட்டனீர்?" என்பார். இவர்களை என்ன செய்வது? ஒன்றும் செய்ய முடியாது.

நாடு விட்டு வந்த தமிழர் நிறைந்த லா சப்பலில் ஐந்தாம் மாடியில், ஆறு பேர் படுக்கும் ஒற்றை அறையில் இருந்த மடுத்தீன் அண்ணை இந்த இனத்துக்குத் தலைவர். பழைய பல் துலக்கும் பிரஷ், கிழிந்த பனியன், பாதி எலுமிச்சம்பழம், வாழைப்பழத் தோல், தின்னாமல் எடுத்து வைத்த பாண் சதை, இவ்வளவும் அவருடைய ஆயுதங்கள். அறையில் முகம் கழுவ இருந்தது ஒரேயொரு தொட்டி. அதில் எந்நேரமும் யாருடையதோ சப்பாத்து ஊறும். மற்றவர்கள் ஊத்தைப் பல்லோடு வேலைக்குப் போவார்கள். அண்ணைக்கு அதனால் கவலையில்லை. பல்லை ஆர் பார்க்கிறான்?

எண்பத்தாறாம் ஆண்டு ஐப்பசியில் அதே அறைவாசி யோனுக்குப் புறநகர் செவ்ரானில் பெண் பார்க்க நாள் குறித்தார்கள். யோனுக்கு வயது முப்பத்துமூன்று. இரண்டு சம்பந்தம் ஏற்கெனவே தட்டிப்போனது. இதுவும் போனால் இனிமேல் தரகர் தன் வீட்டுக் கதவையே திறக்கமாட்டார் என்பது அவனுக்குத் தெரியும். ரெஸ்ரோறண்ட் குசினியில் கோப்பை கழுவுகிறவன் ஆனதால், அவனிடமிருந்த ஒரே சோடிச் சப்பாத்தில் எண்ணெயும் மாவும் சேர்ந்து காய்ந்துபோய்க் கிடந்தது.

"ஈரத் துணியாலை ஒருக்காத் துடைச்சால் காணுமண்ணை."

"மோட்டுக் கதை கதையாதையும். கழட்டும்!"

கழட்டினான். ஞாயிறு விடியத் தொடங்கிய வேலை, மத்தியானம் வரை நடந்தது. ஊறவைத்து, உரஞ்சி, எலுமிச்சை பூசி, பாண் சதையால் ஒற்றி, கறுப்புப் பொலிஷை அள்ளி அப்பி, கடைசியில் அண்ணை கையை உள்ளே விட்டார்.

"உள்ளுக்கும் என்னத்துக்கண்ணை?"

"வெளியிலை மட்டும் பூசுறது ஊருக்குக் காட்டுறதுக்கு. உள்ளுக்கும் பூசினால்தான் தோல் மெத்தெண்டு இருக்கும். நானும் வாறன், இதைப் பாக்கிற அவையின்ரை முகத்தை நான் பாக்கவேணும்."

செவ்ரானில் பெண்ணின் தாய் மரியநாயகி கதவைத் திறந்தா.

"வாங்கோ, வாங்கோ. சப்பாத்தை வாசலிலை கழட்டிப்போட்டு வாங்கோ."

அண்ணை வாசலிலேயே நின்றுவிட்டார். தமிழ் வீட்டுக்குள் சப்பாத்தோடு போகமாட்டோம் என்பதை அவர் அரை நாளாய் மறந்தே போயிருந்தார். பளபளத்த இரண்டும் வாசலில் அனாதையாய் நிற்க, யோன் உள்ளே நடந்தான். புதுக் கம்பளம். பால் வெள்ளை. கதவிலிருந்து கதிரை வரைக்கும் கன்னங்கரேலென்று காலடி.

"மாதாவே, என்ரை கார்ப்பெற்!"

"பயப்பிடாதேங்கோ அக்கா, இதுக்கும் மருந்து இருக்கு. கொஞ்சம் வினாகிரியும் உப்பும் தாங்கோ" என்று அண்ணை முழங்காலில் விழுந்து தேய்க்கத் தொடங்கினார். காலடியளவு கறை தட்டளவானது. மற்றக் காலையும் ஊன்றப் பயந்து யோன் ஒற்றைக் காலில் நின்றான். தேநீர்த் தட்டோடு வந்த மணமகள் பேர்ளி நின்று பார்த்தாள்.

"இதிலை மாப்பிள்ளை ஆர்? ஒற்றைக் காலிலை நிக்கிறவரோ, தவளுறவரோ?"

"நிக்கிறது நான்தான்" என்றான் யோன். "தவளுறவர் சப்பாத்துக்குப் பொறுப்பு."

பேர்ளி சிரித்த சிரிப்பில் தேநீர் தட்டில் ஊற்றுண்டது. மிச்ச வெள்ளையும் போய்விடுமோ என்று மரியநாயகி தட்டைப் பறித்தா.

"அம்மா, எனக்குச் சம்மதம். ஆனால் ஒண்டு. கலியாணத்துக்குப் பிறகு உந்த அண்ணை எங்கடை வாசல் மிதிக்கக்கூடாது."

திரும்பி வரும் ரயிலில் அண்ணை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருந்தார். "பாத்தீரே? உள்ளுக்கும் பூசினதாலைதான் காரியம் சரிவந்தது!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள். வாசித்துக்கொண்டு வரும்போது, "எண்ணெய்க் கறைக்கு எலுமிச்சையோ போடுறது? வெண்கட்டித் தூளெல்லோ போடவேணும்!" என்று உதட்டுக்குள் எத்தனை தரம் முணுமுணுத்தீர்கள்? ஒருதரமா? அப்படியென்றால் பேர்ளி வீட்டு வாசலில் உங்களுக்கும் இடமில்லை.