எக்காளத்தாரின் பொறாமை

பொறாமைக்குப் பட்டம் கொடுக்கிற பல்கலைக்கழகம் ஒன்று இருந்திருந்தால், எங்கள் மேல்வீட்டு எக்காளத்தார்தான் அதற்குத் துணைவேந்தர். தேவாலயக் கோபுரத்தில் கல்லால் செய்த தேவதூதச் சம்மனசு ஒன்று எக்காளம் ஊதிக்கொண்டு நிற்கும். அதைக் கடக்கும்போதெல்லாம், "பிடிக்கிற பிடியைப் பாருங்கோ! இவனுக்கெல்லாம் உச்சியிலை இடம்!" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

எழுபதுகளின் தொடக்கத்தில், ஜெர்மனியின் கொலோன் நகரில் நாங்கள் இரண்டாம் மாடியிலும் அவர் மூன்றாம் மாடியிலும் இருந்தோம். ட்ரம்பெட் வாசிப்பது அவர் தொழில். சொந்தப் பெயர் எங்கள் வாயில் நுழையாததால், எக்காளத்தார் என்று என் வீட்டுக்காரர் பெயர் வைத்தார். அவர் பேசியது என்னவோ ஜெர்மன்தான். என் காதில் அது யாழ்ப்பாணப் பேச்சாகவே விழும், விழுந்தபடியே எழுதுகிறேன்.

வாலிபத்தில் ஸ்விங் இசைக்குழு ஒன்றில் இருந்தவர். அந்த அமெரிக்க இசை ஆகாது என்று ஹிட்லரின் ஆட்கள் தடுத்த காலத்தில், பாட்டுகளுக்கு ஜெர்மன் பெயர் சூட்டி ஏமாற்றி வாசித்தார்களாம். சண்டை முடிந்த பிறகு அமெரிக்கச் சிப்பாய்களின் கிளப்பில் ஊதினார், சம்பளம் சிகரெட். அறுபதுகளில் கிட்டாரும் நீளத் தலைமயிருமாகப் பையன்கள் வந்தார்கள், நடன மண்டபங்கள் வெறுமையாயின. கார்னிவல் திருவிழாவுக்குக் கோமாளியின் சிவப்பு மூக்கு மாட்டிக்கொண்டு ஊதினார். செத்தவீட்டுக்கு மூக்கைக் கழற்றிவிட்டு ஊதினார். கடைசியில், ஞாயிறு பின்னேரங்களில் வயதானவர்கள் ஜோடியாக ஆடும் ஒரு கோப்பிக் கடையில் வந்து நின்றார்.

இத்தனைக்கும் அவருக்குக் கவலை ஒன்றுதான்: வில்லி. அந்தப் பழைய குழுவில் பக்கத்து நாற்காலிக்காரன். எழுந்து நின்று தனியாக ஊதுகிற இடம் எப்போதும் வில்லிக்குத்தான் கிடைத்ததாம். "அவன்ரை சொண்டு கடவுள் செய்தது, என்ரை சொண்டு அம்மா பெத்தது. நான் என்ன செய்ய?" என்று உதட்டைத் தொட்டுக் காட்டுவார்.

எனக்கும் எரிச்சல் இல்லாமல் இல்லை. நான் வைக்கும் தேங்காய்ப்பால் சொதிக்கு ஊரிலே பெயர் இருந்தது. இடியப்பமும் சொதியும் வைத்தால் என் வீட்டுக்காரர் "ம்" என்பார். மேல்வீட்டுக்குப் போய்வந்தாலோ, "என்ன மூச்சப்பா அந்த மனுசனுக்கு!"

"இஞ்சேருங்கோ, இனி அந்த மூச்சையே சொதியாக்கிக் குடியுங்கோ."

"உமக்கு எரிச்சல்."

"பித்தளைக் குழாயோடை நான் என்ன போட்டிக்கோ நிக்கிறன்?"

போட்டிக்குத்தான் நின்றேன். தண்ணீர் கொதித்து என் கேத்தில் கூவினால் எக்காளத்தார் மேலிருந்து தரையைத் தட்டுவார். "தங்கச்சி, உதை இறக்குங்கோ! என்னைவிட நீளமா ஊதுது!" நான் ஆறுதலாக, மெல்லத்தான் இறக்குவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய குழுக்காரர் எல்லாரும் அந்தக் கோப்பிக் கடையில் கூடி வாசிப்பதாக ஏற்பாடு. வில்லியும் வருகிறான். ஆனால் கடைக்காரர் தன் கடை ஆளுக்கே தனி வாசிப்பு என்று சொல்லிவிட்டார். எக்காளத்தார் படிகளில் பாடிக்கொண்டு இறங்கினார். அந்த வாரம் பார்த்து அவருடைய முன்பல் நோகத் தொடங்கியது. வைத்தியரிடம் போகமாட்டார். "பிடுங்கிப்போடுவார். முன்பல்லுப் போனா ட்ரம்பெட்டைச் சொண்டிலை ஊண்ட ஏலாது. நான் இருக்க, வில்லி எழும்பி நிப்பான்!"

"ஒரு கராம்பைக் கடிச்சு வைச்சிருங்கோ அண்ணை, நோ பறந்திடும்" என்றார் என் வீட்டுக்காரர். பறந்தது. ஒன்றுக்கே இவ்வளவு குணம் என்றால் நிறையப் போட்டால் எப்படி என்று, ஞாயிறு மத்தியானம் ஒரு பிடி கராம்பை அரைத்து பல்லைச் சுற்றி முரசிலும் சொண்டிலும் அப்பிக்கொண்டு வந்தார் எக்காளத்தார்.

நான் பட்டுச் சேலையோடு மேடைக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தேன். அவருடைய இடம் வந்தது. எழுந்தார். கன்னம் உப்பியது. வந்தது வெறும் காற்று. சொண்டு மரத்துப்போயிருந்தது. மறுபடி ஊதினார், காற்று. எங்கள் பக்கம் பார்த்த அந்தக் கண்களை நான் சொல்லமாட்டேன்.

அடுத்த கணம் சத்தம் வந்தது. பக்கத்து நாற்காலியில் வில்லி, கீழே விழுந்த தாளைத் தேடுகிறவன்போல் குனிந்து, இசைத்தாள் தாங்கிக்குப் பின்னால் ஒளிந்து ஊதிக்கொண்டிருந்தான். எக்காளத்தார் ட்ரம்பெட்டை வாயில் வைத்தபடியே நிற்க, அவர் விரல்கள் ஒரு சுரமும் பிசகாமல் அதனோடு ஓடின. ஆடியவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. மண்டபமே எழுந்து கைதட்டியது.

எங்கள் மேசைக்கு வந்தவர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "படுபாவி, எவ்வளவு வடிவா ஊதிப்போட்டான்! நாலு பிழை விட்டிருந்தா நான் ஊதினமாதிரி இருந்திருக்கும்!"

பின்னாலேயே வில்லி வந்தான். முகம் கோணியிருந்தது. "எனக்கு ஒருநாளும் சனம் எழும்பி நிண்டு தட்டேல்லை. உனக்கெண்டா மட்டும் தட்டுது."

எக்காளத்தாரின் முகம் மலர்ந்த மலர்ச்சி! வில்லி பொறாமைப்படுகிறான், அதுவும் அவரைப் பார்த்து! மரத்த சொண்டைச் சிரமப்பட்டுத் திறந்து என்னிடம் கேட்டார்: "தங்கச்சி, நீங்கள் சொல்லுங்கோ. ஆர் திறம்?"

"நீங்கள்தான் அண்ணை."

என் வீட்டுக்காரர் என்னை வியப்போடு பார்த்தார். நான் சொன்னது பொய்யல்ல. வில்லி ஊதியது என் காதில் விழவே இல்லை. நான் அந்த விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.