பத்தாவது கேக்

"எரியுதா?"

"எரியப் போகுது."

"காபி குடிக்கிறப்பவும் இதையேதான் சொன்னே."

எல்வுட் ஹாகனின் தலை ஓவனுக்குள் இருந்தது. கால்கள் டிரெய்லரின் வாசலுக்கு வெளியே நீண்டிருந்தன. நடுவில் கிடந்த தொப்பையை, அவர் மனைவி ஆர்டிஸ் மாவுக் கிண்ணத்தோடு தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள்.

மின்னசோட்டாவின் அந்த ஏரிக்கரையில் ஒவ்வொரு ஆகஸ்டிலும் பழைய டிரெய்லர்க்காரர்கள் கூடுவார்கள். காரின் பின்னால் கட்டி இழுத்து வருகிற குட்டி வீடுகள். ஒவ்வொன்றும் அதன் சொந்தக்காரரைப் போலவே வயதானது, ஆனால் அவரைவிடப் பளபளப்பானது. மூன்று நாள் கூட்டத்தின் உச்சம் கேக் போட்டி. அதற்கு ஒரே ஒரு விதி. கேக், அவரவர் டிரெய்லரில், அந்த டிரெய்லரோடு பிறந்த பழைய கேஸ் ஓவனில்தான் வெந்திருக்க வேண்டும்.

எல்வுட் டிரெய்லர் வாங்கியது போன வருஷம். ஆர்டிஸுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை.

"ஓவனாவது வேலை செய்யுமா?" என்று கேட்டாள்.

"ஜம்முனு எரியும்" என்றார், திறந்துகூடப் பார்க்காமல்.

குளிர்காலம் முழுக்க, 'ஓவனைச் சரிபண்ணிட்டு வரேன்' என்று கொட்டகைக்குப் போய், டிரெய்லரின் வெளித்தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆர்டிஸ் அவரை நம்பினாள். நம்பியதோடு நிற்காமல் கேக் போட்டிக்குப் பெயரும் கொடுத்துவிட்டாள்.

"இதோ பார் எல்வுட். சாயங்காலம் என் கேக் போட்டி மேஜையில இருக்கணும். இல்லேன்னா இந்தத் தகர டப்பாவை வித்துடறோம். அடுத்த வருஷத்துலேர்ந்து மனுஷங்க மாதிரி ஓட்டல்ல ரூம் போடறோம்."

"தகர டப்பான்னு சொல்லாதே. அதுக்குக் கேட்கும்."

"கேட்கட்டும். ரோஷம் வந்தாவது எரியட்டும்."

கடைசியில் கோளாறு அகப்பட்டது. கேஸ் வருகிற ஊசித்துளையில் சிலந்தி வலை. கேஸ் வாடை என்றால் சிலந்திக்கு ஏனோ அத்தனை பிரியம். எல்வுட், ஆர்டிஸின் தையல் பெட்டியிலிருந்து ஓர் ஊசியை எடுத்துக் குத்தினார். வலை வரவில்லை. கொஞ்சம் தடித்த ஊசியாக எடுத்துக் குடைந்தார். அது நன்றாகவே நுழைந்தது.

"இப்பப் பாரு!"

பார்த்தாள். ஒரு முழ நீளத்துக்கு மஞ்சள் நாக்கு வெளியே வந்து, அவள் புதிதாகத் தைத்து மாட்டியிருந்த திரைச்சீலையை விசாரித்துவிட்டுப் போனது. கூரையில் கரி அப்பியது.

"துளை பெரிசாயிடுச்சு போல" என்றார் எல்வுட்.

"ஆகலை. நீ ஆக்கினே."

அடுத்த டிரெய்லர் லைல் ட்வெட்டுடையது. பல வருஷமாக இங்கே வருகிற மனிதர். எல்வுட் போனபோது வெளியே மேஜை நாற்காலி போட்டு மனைவியோடு சீட்டாடிக்கொண்டிருந்தார்.

"லைல், உங்க ஓவன்ல சுடர் எவ்வளவு உயரம் நிக்கும்?"

லைல் கையிலிருந்த சீட்டைப் பார்த்தார். "சுடரா? சுடர் எவ்வளவு நிக்கணுமோ அவ்வளவு நிக்கும்."

"ஒரு நிமிஷம் ஏத்திக் காட்டுங்களேன். பார்த்துட்டுப் போயிடறேன்."

"இப்பவா? உள்ள என் பொண்டாட்டி தூங்கறாளே."

"இங்கதானே உட்கார்ந்திருக்காங்க?"

"இப்பதான் தூங்கப் போறேன்" என்று அந்தம்மாள் சட்டென்று கொட்டாவி விட்டாள்.

லைல் குரலைத் தாழ்த்தினார். "இந்த வெயில்ல எதுக்கய்யா இவ்வளவு பாடு? பேசாம ஊருக்குள்ள போய்..."

மேஜைக்கடியில் அந்தம்மாளின் கால் நகர்ந்தது. லைல் முகம் சுளித்தார்.

"...ஒரு காபி குடிச்சுட்டு வா."

'போட்டிக்காரங்க புத்தி. ரகசியத்தை விடமாட்டாங்க' என்று நினைத்துக்கொண்டே எல்வுட் திரும்பினார். வந்தவர் சிலிண்டரின் ரெகுலேட்டரைத் திருகி கேஸைக் குறைத்தார். மஞ்சள் நாக்கு சுருங்கி, குட்டி நீலச் சுடராக நின்றது. என்ன அழகு! உட்கார்ந்து வெகுநேரம் அதையே ரசித்தார்.

அதே கேஸில்தான் அந்த டிரெய்லரின் ஃபிரிட்ஜும் ஓடியது. அது சத்தம் போடாமல் செத்துப்போனதை அவர் கவனிக்கவில்லை.

"எல்வுட், வெண்ணெய் எங்கே?"

"உன் கையில இருக்கே."

"இது வெண்ணெயா? இதுல குளிக்கலாம்."

வெண்ணெய் கடன் வாங்கி வர வெர்னா ஸ்டெனர்சனிடம் போனார் எல்வுட். மூன்று முறை கேக் ராணிப் பட்டம் வாங்கியவள். வெண்ணெயைத் தாராளமாகக் கொடுத்தாள்.

"உங்க ஓவனோட ஊசித்துளை எவ்வளவு பெரிசுன்னு ஒரு தடவை பார்த்துக்கலாமா?"

வெர்னா ஓவன் கதவில் முதுகைச் சாய்த்து, கைகளை அகல விரித்து நின்றாள். "ஐயோ, வேண்டாம். என் ஓவன் ரொம்பக் கூச்ச சுபாவம். வேத்து ஆளைப் பார்த்தா எரியாது."

அவர் திரும்பி வந்தபோது ஏரிக்காற்று அந்த நீலச் சுடரை அணைத்திருந்தது. கேஸ் எவ்வளவு நேரமாக உள்ளே சேர்ந்துகொண்டிருந்ததோ, எல்வுட் அதையெல்லாம் யோசிக்கவில்லை. தீக்குச்சியைக் கிழித்தார்.

டொம்!

"எல்வுட்! உயிரோட இருக்கியா?"

"இருக்கேன்."

"கை காலெல்லாம்?"

"இருக்கு."

"புருவம்?"

அவர் தடவிப் பார்த்தார். "அது இல்லை."

ஆனால் ஓவன் பற்றிக்கொண்டிருந்தது! மெய்யாகவே, சீராக, சீறிக்கொண்டு. ஆர்டிஸ் உடனே புளூபெர்ரி கேக் தட்டை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள். எல்வுட் வெளியே போய்ப் புல்லில் மல்லாந்தார். கண் மூடியதுதான் தாமதம்.

"எல்வுட்! கேக் ஏரிப்பக்கம் போகுது!"

டிரெய்லரின் ஒரு மூலை ஈரமண்ணில் இறங்கியிருந்தது. தட்டில் மாவெல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றது. எல்வுட் ஓடிப்போய் ஜாக்கியைப் பிடித்தார்.

"தூக்கு!" ஜன்னல் வழியாக ஆர்டிஸ் கத்தினாள். "இன்னும்! இன்னும் கொஞ்சம்! போதும். போதும்னேன்! எல்வுட், காது கேட்குதா? போதும்!"

கேட்டது. ஜாக்கியின் கைப்பிடிதான் கேட்கவில்லை. அது மாட்டிக்கொண்டது. உதைத்தார். டிரெய்லர் ஒரு குதி குதித்து மறுபக்கம் சாய்ந்தது.

"இப்பக் காட்டுப்பக்கம் போகுது!"

அதற்குள் பக்கத்து டிரெய்லர்க்காரர்களெல்லாம் மடக்கு நாற்காலிகளோடு வந்து வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவரும் உதவிக்கு எழுந்திருக்கவில்லை. கேக் வேகவைப்பதை முன்பின் பார்க்காதவர்களைப்போல வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெளியே வந்த கேக்குக்கு ஒரு ஓரம் கரிக்கட்டை. மறு ஓரம் வெள்ளை வெளேர். நடுவில் புளூபெர்ரி பொங்கி வழிந்து உறைந்திருந்தது. தட்டைச் சமமாகப் பிடித்தாலும் கேக் சரிவாகவே நின்றது.

"அதை ஏரியில போட்டுடவா?" என்று மெல்லக் கேட்டார் எல்வுட். புருவமில்லாத முகத்தில் வருத்தம்கூட ஆச்சரியமாகவே தெரிந்தது. "நாளைக்கே விளம்பரம் கொடுத்துடறேன். நல்ல வண்டி. யாராவது வாங்கிப்பாங்க."

ஆர்டிஸ் கேக்கைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். கூரையிலிருந்த கரியைப் பார்த்தாள்.

"கருகினா என்ன? நம்ம ஓவன்ல வெந்தது. எடு தட்டை."

மேஜையில் ஏற்கெனவே ஒன்பது கேக்குகள் இருந்தன. ஒவ்வொன்றும் பொன்னிறம், ஒவ்வொன்றும் அச்சில் வார்த்த வட்டம். லைலின் இஞ்சிக் கேக்கையும் வெர்னாவின் எலுமிச்சைக் கேக்கையும் படமெடுத்துக் காலண்டரில் போடலாம். பத்தாவதாக ஆர்டிஸ் தன்னுடையதை வைத்தபோது யாரோ இருமலைப் போலச் சிரித்தார்கள்.

நடுவர், ஊருக்குள் பேக்கரி வைத்திருக்கும் பெர்னடீன் கஸ்மா. தொடர்ந்து பல வருஷமாக அவள்தான் நடுவர். முதல் ஒன்பது கேக்குகளையும் நடந்துகொண்டே ருசி பார்த்தாள், ஒரு கரண்டி வீதம், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். பத்தாவதில் நின்றாள். மென்றாள். பல்லிடுக்கிலிருந்து எதையோ எடுத்துக் கீழே போட்டாள். இன்னொரு கரண்டி எடுத்தாள். அப்புறம் இன்னொன்று.

"முதல் பரிசு, ஆர்டிஸ் ஹாகன்!"

கைதட்டல் வர வெகுநேரம் ஆனது. எல்வுட் மட்டும் உடனே தட்டினார், தனியாக.

ஆர்டிஸ் பரிசு நாடாவை வாங்கி அவர் சட்டையிலேயே குத்தினாள். "சரி, வண்டியை விக்க வேண்டாம். ஆனா அந்தப் புருவம் வளர்ற வரைக்கும் என்கூடப் போட்டோ எடுத்துக்காதே."

வெர்னாவுக்குப் பொறுக்கவில்லை. மேஜையைச் சுற்றிக்கொண்டு நடுவருக்கு எதிரே வந்து நின்றாள்.

"பெர்னடீன், இது என்ன நியாயம்? ஒரு பக்கம் கரி, ஒரு பக்கம் பச்சை மாவு. மத்த ஒன்பது கேக்குல என்ன குறை கண்டீங்க?"

பெர்னடீன் கரண்டியைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

"ஒரு குறையும் இல்லைம்மா. ஆனா அந்த ஒன்பதையும் இன்னிக்குக் காலையில நான்தானே சுட்டு உங்களுக்கெல்லாம் வித்தேன்? எனக்கு நானே பரிசு கொடுத்துக்கிட்டா நல்லாவா இருக்கும்?"