மாசற்ற மண்ணில் ஒன்பது கோப்பை

ஒரு நல்ல தண்ணீர்க் கிணற்றின் விலை இரண்டு பிளாஸ்டிக் குடமும் ஒரு சுவர்க் காலண்டரும் ஆகும். மனித குலம் இத்தனை காலமும் இந்த விலை தெரியாமலேதான் தண்ணீர் குடித்து வந்தது. தொண்ணூற்று மூன்றாம் வருடம், கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம் பூமிக்கடியில் காஸ் இருக்கிறதா என்று துளை போட வந்த கம்பெனிதான் அதைக் கண்டுபிடித்து, கிணற்றுக்காரன் ராஜாங்கத்தின் கையில் கொடுத்துப் போட்டோவும் எடுத்துக்கொண்டது. குடம் பச்சை. காலண்டரில் மகாலட்சுமி.

ராஜாங்கத்தின் வயலை ஒட்டித்தான் துளை. துளையிலிருந்து வெளிவந்த சாம்பல் நிறச் சேற்றைக் கொட்டுவதற்கு, அவன் கிணற்றுக்குப் பக்கத்திலேயே ஒரு குழி. ஐப்பசி மழையில் குழி வழிந்தது; அதன் பிறகு கிணற்றில் டீசல் மணந்தது. பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் அரிப்பு. கம்பெனி மனிதாபிமானம் மிக்கது. உடனே டாக்டரை அனுப்பியது. அவரும் ஜீப்பிலிருந்து இறங்காமலே நோயின் மூலத்தைக் கண்டுபிடித்தார்: கத்திரிக்காய்.

"ஒரு மாசம் கத்திரிக்காயை நிறுத்துங்க. சரியாயிடும்."

"ஆட்டுக்கும் அரிக்குதுங்க," என்றான் ராஜாங்கம். "அதுவும் கத்திரிக்காயத்தான் தின்னுச்சுங்களா?"

ஆடு தன் துறையில் வராது என்று டாக்டர் அடக்கத்தோடு சொல்லிவிட்டார்.

ராஜாங்கம் பஸ் பிடித்து விருத்தாசலம் வந்து, அக்கா புருஷன் கொளஞ்சியப்பனிடம் முறையிட்டான். கொளஞ்சியப்பன் பீங்கான் பட்டறைக்காரர். டீக்கோப்பை, ஃபியூஸ் கட்டை, கொலு பொம்மை எல்லாம் உண்டு. சூளைக்கு எண்ணெய் ஊற்றியே பாதி ஆயுளைக் கரைத்தவர். காஸ் கிடைத்தால் குழாய் போட்டுச் சூளைக்கே தருவதாகக் கம்பெனி சொன்னதிலிருந்து, அவர் கனவில் சூளை நீலமாக எரிந்துகொண்டிருந்தது.

"நாடு முன்னேறணும்னா கொஞ்சம் அரிக்கத்தான் செய்யும், மாப்ள," என்றார்.

அப்போதுதான் ராஜாங்கத்தின் செருப்பில் ஒட்டி வந்த சேறு அவர் கண்ணில் பட்டது. கிள்ளி எடுத்தார். உருட்டினார். வெண்ணெய் மாதிரி குழைந்தது. மைத்துனனின் கிணறு மனதில் சற்றுப் பின்னுக்கு நகர்ந்தது. களிமண்! குழி நிறையக் களிமண், கேட்பாரில்லாமல் கிடக்கிறது.

மண் கேட்டுப் போனவரிடம் கம்பெனியின் மக்கள் தொடர்பு அதிகாரி அச்சடித்த நோட்டீஸ் ஒன்றை எடுத்துக் காட்டினார். "உபயோகம் முடிந்த துளையிடு மண், மண்ணுக்கும் மனிதனுக்கும் மாசற்றது." கொளஞ்சியப்பன் லாரிக்கு இவ்வளவு என்று ஓர் அடிமாட்டு விலை சொன்னார். அதிகாரி சிரிப்பார், தாம் எழுந்து போவதுபோல் போகலாம், வாசற்படியிலிருந்து திரும்பலாம் என்று செருப்பைக்கூடத் தயாராக வைத்திருந்தார். அதிகாரியோ காசே வேண்டாம் என்றார். பிறகு லாரி வாடகையும் கம்பெனியே தரும் என்றார். கொளஞ்சியப்பன் நோட்டீஸை இன்னொரு தடவை படித்தார். அவர் குடும்பத்தில் பேரம் பேசாமல் யாரும் ஒரு கட்டு வெற்றிலைகூட வாங்கியதில்லை. இருந்தாலும், அச்சில் ஏறிய எழுத்து பொய் சொல்லுமா?

மண் வந்தது. நல்ல களியோடு பாதிக்குப் பாதி கலந்து டீக்கோப்பையாக வார்த்துச் சூளை ஏற்றினார். சூளையைத் திறந்த அன்று தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டது. வேலை செய்த பெண்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே ஓடினார்கள். கோப்பைகளில் பாதி வெடித்திருந்தது. மீதி உடம்பெல்லாம் கொப்புளத்தோடு வந்திருந்தது. கொளஞ்சியப்பன் முழங்கையைச் சொறிந்துகொண்டே நின்றார். அவர் மனைவி அம்புஜவல்லி அதைப் பார்த்தாள்.

"ஏங்க, கத்திரிக்கா தின்னீங்களா?"

அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். அவள் ஒரு கோப்பையை எடுத்துக் கொப்புளத்தைத் தடவினாள். "என் தம்பி புள்ளைங்க முதுகும் இப்பிடித்தான் இருக்குது. இதுல எவன் டீ குடிப்பான்?"

எவன் குடிப்பான் என்பது கொளஞ்சியப்பனுக்கு அப்போதுதான் தோன்றியது.

அடுத்த வாரம், இரண்டாவது துளைக்கு ஊர்ச் சம்மதம் வாங்க "மக்கள் விளக்கக் கூட்டம்" நடந்தது. ஊர் கையெழுத்துப் போட்டுவிட்டால் ராஜாங்கத்தின் குழி நிரந்தரம்; துணைக்கு இன்னொன்றும் வரும். பந்தல், மைக், மேடையில் கம்பெனி தரப்பில் ஒன்பது பெரியவர்கள். டீச் செலவைத் தாமே ஏற்பதாகக் கொளஞ்சியப்பன் வலியப் போய்ச் சொல்லியிருந்தார். ஏலக்காயைத் தாராளமாகத் தட்டிப் போட்டிருந்தார்.

மண் மாசற்றது என்று அதிகாரி மூன்றாம் முறையாக முழங்கி முடித்ததும் டீ வந்தது. அவர் கோப்பையைத் திருப்பிப் பார்த்து, கொப்புளங்களைத் தடவிப் பூரித்தார்.

"புது மாதிரி டிசைன்! விருத்தாசலம் கைவேலையே தனிதான்."

கொளஞ்சியப்பன் மைக்கை வாங்கிக்கொண்டார். "எல்லாம் சார் புண்ணியங்க. உங்க குழியில எடுத்த அதே மாசற்ற மண்ணு. நம்ம பட்டறையில சுட்டேன். மொத மடக்கு நீங்கதான் குடிக்கணும்."

உதட்டுக்குப் பக்கம் போன கோப்பை அங்கேயே நின்றது. பிறகு, ஒரு கைக்குழந்தையை இறக்கி வைப்பதுபோல, மேஜைக்கு இறங்கியது.

"டாக்டர் முதல்ல எடுத்துக்கட்டும்," என்றார் அதிகாரி.

டாக்டருக்குச் சர்க்கரை வியாதி என்பது அந்த நிமிடம் தெரியவந்தது. மண் நிபுணர், வாயிலிருந்த வடையை அவசரமாக விழுங்கிவிட்டு, இன்று தமக்கு விரதம் என்றார். மற்றொருவர் காப்பிதான் குடிப்பாராம். இன்னொருவர் கடிகாரத்தைப் பார்த்தார். மிச்சப்பேர் அவரைப் பார்த்தார்கள்.

"எங்க வூட்டுல அந்த மண்ணு எறங்கின கெணத்துத் தண்ணியத்தாங்க ஒரு மாசமா குடிக்கிறோம்," என்றான் கூட்டத்திலிருந்து ராஜாங்கம். "நீங்க ஒரு வாய் குடிச்சா என்னாங்க?"

கையெழுத்துப் போட வரிசையில் நின்றவர்கள் டீயில் ஆடை படிவதைப் பார்த்தபடியே ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். ராஜாங்கம் குடங்களையும் காலண்டரையும் மேடையில் கொண்டுவந்து வைத்தான். ஜீப்புகள் போன பிறகு கொளஞ்சியப்பன் கோப்பைகளைத் தட்டில் அடுக்கினார். வியாபாரி வாய் சும்மா இருக்குமா? முணுமுணுத்துக்கொண்டே கணக்கை முடித்தார்.

ஊற்றியது ஒன்பது. குடித்தது இல்லை. தள்ளி வைத்த அவசரத்தில் சிந்தியது அரை. திரும்பிப் போனது குடம் இரண்டு, மகாலட்சுமி ஒன்று. கம்பெனி தர வேண்டிய பாக்கி: ஒன்பது மடக்கும் ஒரு கிணறும்.