துணிச்சலான அம்மாவுக்கு ஒரு கைதட்டு

தேயிலையை அரிக்கும் பூச்சிகளில் பல வகை உண்டு. எல்லாவற்றுக்கும் மருந்து உண்டு. மருந்தில்லாத ஒன்றும் உண்டு. அதன் பெயர் திட்ட இணைப்பாளர். எய்ட்ஸ் தடுப்புக்கென்று இலங்கை மலையகத்து ஊவாவுக்குள் வந்த இந்த இனம், நோய் பரவுமுன் தான் பரவிவிட்டது.

அடையாளம் காண்பது சுலபம். வெள்ளை டபுள் கெப் வண்டியில் வரும். பசறைப் பாதையில் என்ன மழை பெய்தாலும் பதாகை மட்டும் நனையாது. 'மக்கள்' என்று சொல்லாது, 'இலக்குக் குழு' என்று சொல்லும்; தொழிலாளரின் வரிசை வீடான லயம் ஒன்றுக்குள்ளும் குனிந்து நுழைந்திருக்காது, ஆனால் லயத்து ஆட்களின் மனப்பாங்கு மாற்றம் பற்றிப் பதுளை ஹோட்டலில் கோழி புரியாணியோடு செயலமர்வு நடத்தும், அதை மதிப்பிட இன்னொரு செயலமர்வு நடத்தும், அங்கே கண்ட குறைகளைப் பேச மூன்றாவதைத் திட்டமிடும். நோய்? அது காத்திருக்கும்.

நான் கண்ட இணைப்பாளர் இரகுநாதன். யாழ்ப்பாணத்துக்காரர், படித்தவர், கெட்ட மனிதரல்ல. ஆபத்தே அதுதான். இரண்டாயிரத்து நான்கில் நமுனுகுலப் பக்கத் தோட்டமொன்றின் பெரட்டுக் களத்தில், அதாவது காலையில் ஆட்களை நிறுத்தி மலைக்கு அனுப்பும் திறந்த வெளியில், கூட்டம் வைத்தார். "வராதவங்களுக்கு இன்னைக்குப் பேர் கிடையாது" என்று ரெங்கசாமிக் கங்காணி சொல்லிவிட்டிருந்தார். ஒருநாள் சம்பளத்தை யார் விடுவார்? தோட்டமே வந்து நின்றது. 'மக்கள் ஆர்வத்துடன் திரண்டனர்' என்று இரகுநாதன் அங்கேயே குறித்துக்கொண்டார்.

"வெக்கப்படாமல் கேளுங்கோ. இது வெளிப்படையாய்க் கதைக்க வேண்டிய விசயம்" என்றார் ஒலிவாங்கியில்.

"ஐயா, கொசு கடிச்சா வருங்களா?" என்றார் ஒரு பெரியவர்.

"வராது."

"அப்ப போன மாசம் கொசுவலை குடுத்தது எதுக்குங்க?"

"அது வேறை திட்டம்!"

கூட்டம் கலையும்போது ஒரு பெண் அவரருகே வந்து நின்றாள். கொழும்பில் வேலை செய்த புருஷன் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்து கிடந்தான். என்ன நோய் என்று அவளிடம் மட்டும் சொல்லியிருந்தான். அவள் வயிற்றில் பிள்ளை. நேரத்தோடு தெரிந்துகொண்டால் பிள்ளையைக் காப்பாற்ற மருந்து உண்டு என்று இரகுநாதன்தான் சற்றுமுன் பேசியிருந்தார்.

"ஐயா, ரத்தம் பாக்கணும்னா பதுளையில யாரைக் கேக்கணுங்க?" என்றாள், உதடு அசையாமல்.

ஒரு வரியில் சொல்லக்கூடிய பதில். குரலைத் தாழ்த்தினால் போதும். இணைப்பாளர் குரலைத் தாழ்த்துவாரா? இத்தனை கூட்டங்களிலும் அவருக்கு அகப்பட்ட முதல் பயனாளி அல்லவா? கீழே வைத்த ஒலிவாங்கியை மறுபடியும் எடுத்தார்.

"எல்லாரும் நில்லுங்கோ! இந்த அம்மாவுக்கு இரத்தம் சோதிச்சுப் பாக்க வேணுமாம். இவவின்ர துணிச்சலுக்கு ஒரு கைதட்டுத் தாங்கோ!"

தட்டினார்கள். கமராக்காரர் படமெடுத்தார்.

"எனக்கில்லைங்க ஐயா... மாட்டுக்குங்க" என்றாள் அவள்.

களமே சிரித்தது. "மாடு எந்த ஊருக்குப் போயிட்டு வந்துச்சு, தங்கச்சி?" என்று எவனோ கத்த, இன்னும் சிரித்தது. அவளிடம் மாடு இல்லை என்பது சிரித்த அத்தனை பேருக்கும் தெரியும். மறுநாள் தண்ணீர்ப் பீலியில் அவள் குடத்தை வைத்தபோது மற்றக் குடங்கள் நகர்ந்துகொண்டன. இனி அவள் பதுளை பஸ்ஸில் ஏறினால், எதற்கென்று லயமே சொல்லும். ஆகவே ஏறவில்லை. பிள்ளை பிறக்கும்வரை ஏறவேயில்லை.

இணைப்பாளர் அவள் படத்தை ஆண்டறிக்கையின் அட்டையில் போட்டார். கீழே, 'மௌனம் கலைந்தது' என்று இரண்டு சொல். அவருக்குப் பதவி உயர்வும் வந்தது.

வாசகரே, நீங்கள் இந்த இனமில்லை. உங்களிடம் கெப் இல்லை, பதாகை இல்லை; இரகுநாதனைத் திட்டிக்கொண்டேதான் இதுவரை வாசித்திருப்பீர்கள். ஆனால் இடையில் எங்கேயாவது, அந்தப் பெண் எந்தத் தோட்டம், யாருடைய பெண்சாதி என்று உங்களுக்குள் ஒரு நமைச்சல் எழுந்ததா? எழுந்திருந்தால் பக்கத்திலிருப்பவரிடம் கேட்டுவிடாதீர்கள். நல்ல மனதோடுதான் கேட்பீர்கள், தெரியும். இரகுநாதனும் நல்ல மனதோடுதான் கைதட்டுக் கேட்டார்.