வேங்கைரா எக்ஸ் 150-க்கு வைத்திருக்க வேண்டிய பெயர்

ஒரு காட்டில் ஒரு கழுதை இருந்தது. அது நான்தான். எனக்கு முதலில் துரோகம் செய்தவன் நரி. புலியும் ஆந்தையும் அதற்குப் பிறகுதான். வரிசை மாறிவிடக் கூடாது என்பதற்காக இதை முதலிலேயே சொல்கிறேன். கதை முடிவதற்குள் நரி திருந்திவிடுவான் என்று காத்திருக்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

நரி எங்கள் காட்டில் மோட்டார் சைக்கிள் கம்பெனி தொடங்கினான். கம்பெனி என்றால் ஒரு தகரக் கொட்டகை, உள்ளே ஒரு சுழல் நாற்காலி. வண்டி எப்படி இருக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியாது. அதனால் என்னிடம் வந்தான்.

"அண்ணே, உங்க முதுகை ஒரு தடவை அளந்துக்கலாமா?"

அன்றைக்கு நான் அண்ணன்.

ஒரு தடவை என்றவன் மூன்று வருடம் அளந்தான். என் முதுகு உயரத்துக்கு சீட் வைத்தான். மூட்டை சரியாமல் நான் நடக்கிற நடையைப் பார்த்து ஸ்பிரிங் வைத்தான். ஆற்று மணலிலும் கரட்டு மேட்டிலும் வண்டியைச் சோதனைக்கு ஓட்டியவன் நான். குளம்பால் கியர் போடுவது எவ்வளவு பாடு என்று போட்டவனுக்குத்தான் தெரியும். கடைசியில் வண்டி தயாரானது. மெதுவாகப் போகும். இரண்டு மூட்டை நெல், ஒரு கரடி, கரடியின் மனைவி எல்லாரையும் சுமந்துகொண்டு மேடு ஏறும். நடுவழியில் நிற்காது.

கூலி வேண்டாம் என்றேன். "வண்டிக்கு என் பேரை வை. டேங்க் மேல 'கழுதை'ன்னு எழுது. அது போதும்."

நரி சிரிக்கவில்லை. அதில்தான் ஏமாந்தேன்.

எங்கள் பெயரை எவனும் மரியாதையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. கணக்கு வராதவன் கழுதை. வீட்டில் வேலை செய்யாதவன் கழுதை. நாள் முழுக்க வேலை செய்கிறவனும் கழுதைதான். நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாததற்கும் இதுதான் காரணம். வாத்தியார் யாரைத் திட்டினாலும் நான் எழுந்து நின்றேன்.

ஆயுத பூஜை அன்று எவனாவது ஒருவன் வண்டியைக் கழுவி, டேங்கில் இருக்கும் என் பெயர் மேல் சந்தனம் தடவி, குங்குமம் வைக்க வேண்டும். ஒரே ஒரு பொட்டு. சாவதற்குள் அதைப் பார்த்துவிட ஆசைப்பட்டேன்.

"எழுதியே தர்றேண்ணே," என்றான் நரி. ஒரு சினிமா போஸ்டரைத் திருப்பிப் போட்டு, 'வண்டிக்குக் கழுதையின் பெயரே வைக்கப்படும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். போஸ்டரில் பசை இன்னும் காயவில்லை. வாசனை நன்றாக இருந்தது. அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மழைக்காலம் வந்தது. எட்டு நாள் மேய வெளியே போக முடியவில்லை. நடந்ததை நான் மறைக்கப் போவதில்லை. தின்றேன். பத்திரம் முழுவதையும் தின்றேன். கையெழுத்து இருந்த மூலையைக் கடைசியாகத் தின்றேன். என்னை முட்டாள் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். கழுதைக்கு எழுதித் தரும் பத்திரத்தில் பசை எதற்கு?

மழை விட்ட மறுநாளே நரி பெயர் சூட்டும் கூட்டம் போட்டான். தலைமை புலி. அவன் வண்டியைத் தொட்டதுகூட இல்லை.

"மனசுல பட்டதை யாருக்கும் பயப்படாம சொல்லுங்க," என்றான் நரி.

புலி கொட்டாவி விட்டான். வந்திருந்தவர்கள் அவன் பற்களைப் பார்த்தார்கள்.

ஆடு எழுந்தான். "புலின்னே வைக்கலாமுங்க."

மான் அதை வழிமொழிந்தான். எதிர்ப்பவர்கள் கை தூக்கலாம் என்றார்கள். நான் தூக்கினேன்.

"என்னண்ணே?" என்றான் நரி.

"என் பேரை வைக்கிறதா எழுதிக் குடுத்திருக்க."

"அப்படியா? பத்திரத்தை எடுங்க, பார்ப்போம்."

கூட்டம் என் பக்கம் திரும்பியது.

"தின்னுட்டேன்."

கொட்டகை அதிரச் சிரித்தார்கள். புலிகூடச் சிரித்தான். "ருசி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டவன் ஆடு. போஸ்டர் தின்று வளர்ந்தவன் கேட்கிற கேள்வியா இது?

பிறகு பெயர் ஜோசியம் பார்க்க ஆந்தையைக் கூப்பிட்டார்கள். பகலில் எதிரே இருப்பது தெரியாதவனிடம் எதிர்காலத்தைக் கேட்டார்கள்.

"புலிங்கிறது சாதாரணமா இருக்கு. வேங்கைன்னு வைங்க," என்றான் ஆந்தை. "பின்னால அர்த்தமில்லாம ஒரு 'ரா' சேருங்க. அர்த்தம் இருந்தா ஜனங்க கேள்வி கேப்பாங்க. அப்புறம் ஒரு எக்ஸ்."

"எக்ஸ்னா என்னங்க?" என்றான் மான்.

"தெரியலையில்ல? அதான் அதுக்கு மதிப்பு."

கடைசியில் 150 என்று ஒரு எண்ணைச் சேர்த்தார்கள். "அது எதைக் குறிக்குது?" என்று நான் கேட்டேன்.

"நூத்தி நாற்பத்தொன்பதை விடப் பெருசு," என்றான் ஆந்தை. கைதட்டினார்கள்.

இப்படித்தான் வேங்கைரா எக்ஸ் 150 பிறந்தது. மூன்று வருடம் அதை ஓட்டிய எனக்கே அது வண்டியின் பெயரா, வயிற்றுவலி மாத்திரையின் பெயரா என்று புரியவில்லை.

பெயரோடு விட்டிருந்தாலும் போகட்டும் என்று இருந்திருப்பேன். வேங்கை என்று பெயர் வைத்துவிட்டு மெதுவாகப் போனால் புலி கோபித்துக்கொள்வான் என்று நரி பயந்தான். கேரியரைக் கழற்றினான். பின் சீட்டைப் பாயப் போகிறவன் மாதிரித் தூக்கி வைத்தான். நான் சொல்லிச் செய்த ஸ்பிரிங்கைப் பிடுங்கி எறிந்தான். சைலன்சரை உறும வைத்தான். வண்டி புலி மாதிரியே ஓடியது. புலி இருநூறு அடி பாய்ந்துவிட்டு மூச்சிரைத்துப் படுத்துக்கொள்வான். அதை மட்டும் எவனும் யோசிக்கவில்லை.

முதல் வண்டியைக் கரடி வாங்கினான். ஆயுத பூஜை அன்று அதைக் கழுவினான், துடைத்தான், வாழைக்கன்று கட்டினான். வேங்கைரா என்ற எழுத்துகள் மேல் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தான். எக்ஸுக்கும் ஒரு பொட்டு. எக்ஸுக்குக்கூட! நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு வண்டி பாய்ந்தது. முதல் மேட்டில் பாதியில் படுத்தது.

"வேங்கைரா, என் ராசா, கிளம்புடா," என்று கரடி கொஞ்சினான். பத்து முறை உதைத்தான். பதினோராவது உதையில் கால் வழுக்கி முழங்கால் பெயர்ந்தது.

"கழுதை! நகருதா பாரு இந்தக் கழுதை!"

"இந்தக் கழுதையை வாங்காதீங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே," என்றாள் அவன் மனைவி.

வண்டிக்குப் பின்னாலேயே நடந்து வந்திருந்த நான் பழைய பள்ளிக்கூடப் பழக்கத்தில், "இதோ இருக்கேன்," என்று சொல்லிவிட்டேன்.

கயிறு கட்டினார்கள். கரடியும் மனைவியும் இறங்கக்கூட இல்லை. நான் இழுத்தேன். வழியெங்கும் வேங்கைராக்கள் நின்றிருந்தன. ஒவ்வொன்றையும் ஒருவன் உதைத்து என் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

நரியின் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தேன். அவன் நாற்காலிக்கு மேலே என் படத்தை மாட்டி வைத்திருந்தான். 'என்னைப் பார், யோகம் வரும்' என்று கீழே எழுதியிருந்தது. படத்துக்கும் என்னைக் கேட்கவில்லை.

"என் பேரு?" என்றேன்.

"காடு முழுக்க உன் பேருதானேய்யா! விடிஞ்சதும் வண்டியை உதைச்சுக்கிட்டே சொல்றாங்க. புலி பேரை எவன் சொல்றான்? இதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?"

அண்ணே என்பது போய்விட்டதைக் கவனித்தேன்.

"பேரு வந்துச்சு. பொட்டு வரலை."

"அடுத்த மாடலுக்குப் பார்ப்போம். வேணும்னா எழுதித் தர்றேன்." மேசையடியிலிருந்து ஒரு போஸ்டரை உருவினான். பசை வாளியையும் பக்கத்தில் நகர்த்திக்கொண்டான்.

"தகரத்துல எழுது," என்றேன்.

"தகரம் ஸ்டாக் இல்லையே," என்றான். எங்கள் தலைக்கு மேலே கூரை முழுவதும் தகரம்.

அதற்குப் பிறகு நான்கு ஆயுத பூஜை கழிந்துவிட்டது. இன்றும் வேங்கைராக்களை நான்தான் இழுக்கிறேன். எனக்கு வர வேண்டியது ஒரே ஒரு பொட்டு. அதை இன்னும் எவனும் வைக்கவில்லை.

நீதி: ஓடுகிற வண்டிக்குப் புலியின் பெயரைக் கூட்டம் போட்டு வைப்பார்கள், நின்றுபோன வண்டிக்குக் கழுதையின் பெயரைக் கூட்டம் போடாமலே வைப்பார்கள். ஆகவே, உங்கள் பெயர் ஊரில் நிலைக்க வேண்டுமானால் ஓடாத வண்டியைச் செய்யுங்கள்.