அம்மிக்குப் பதில் அரியலூர்க் கல்

எங்கள் குடும்பத்துக் கல்யாணங்களில் எனக்கு யாரும் வேலை சொல்ல மாட்டார்கள். பந்தியில் தண்ணீர் ஊற்றக்கூட விடுவதில்லை. "நீ பேசாம உக்காருல, அதுவே பெரிய ஒத்தாசை" என்பார் அம்மா. எல்லாம் செல்வி அக்கா கல்யாணத்தில் நான் வாங்கிய பெயர்.

அப்போது நான் பாளையங்கோட்டையில் நிலவியல் படித்துக்கொண்டிருந்தேன். (படித்தேன் என்பதைவிட, கழுத்தில் பூதக்கண்ணாடியும் இடுப்பில் சுத்தியலுமாகத் திரிந்தேன் என்பதே சரி.) கல்யாணத்துக்கு முதல்நாள்தான் அரியலூர்ப் பக்கம் கல்லூரிச் சுற்றுப்பயணம் முடிந்து ராதாபுரம் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். கூடவே ஒரு சாக்கு. அதற்குள் ஒரு மணற்பாறைப் பலகை. டைனோசர்கள் திரிந்த காலத்தில் அந்தப் பக்கமெல்லாம் கடல். அந்தக் கடல் மணல் இறுகித்தான் இந்தக் கல். ஓரத்தில் ஏதோ ஒரு சிப்பியின் விளிம்பு லேசாகத் தெரிந்தது. என் கடைசி வருட ஆய்வே அதை நம்பித்தான் இருந்தது. அடுக்களைக் கதவோரம் சாக்கை இறக்கிவிட்டுத் தூங்கப் போனேன்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணப் பெண் மிதிக்கிற அம்மி, அவளைப் பெற்றவள் மிதித்த அம்மியாக இருக்க வேண்டும். அம்மா அதைக் கழுவித் துடைத்து, இன்னொரு சாக்கில் கட்டி, அதே கதவோரம் வைத்திருந்தார்.

"ஏலே இசக்கி, ஒனக்கு ஒரே வேலைதான். அம்மிச் சாக்கத் தூக்கி வேன்ல வச்சு மண்டபத்துல இறக்கணும். அம்புட்டுத்தான். செய்வியால?"

"எம்மா, கல்லப் பத்தி எனக்கே சொல்லித் தாரியா?" என்றேன். (இந்த வசனத்தை இன்றும் வீட்டில் நடித்துக் காட்டுகிறார்கள். என் குரலில், மூக்கை விடைத்துக்கொண்டு.) விடியற்காலைத் தூக்கக் கலக்கத்தில் ஒரு சாக்கைத் தூக்கி வேனில் வைத்தேன்.

பாளையங்கோட்டை மண்டபத்தில் தாலி கட்டியாயிற்று. "அம்மியக் கொண்டாங்க" என்று குரல் வந்தது. மணவறைக்குப் பின்னால் போய்ச் சாக்கை அவிழ்த்தேன். உள்ளே அரியலூர்.

ராதாபுரம் போய் அம்மியை எடுத்துவர நேரமில்லை. சமையல்கட்டுக்கு ஓடினேன். "அண்ணாச்சி, அம்மி இருக்கா?" சமையல்காரத் தவசுப்பிள்ளை கிரைண்டரைக் காட்டினார். அதை மிதித்து அருந்ததி பார்க்க முடியாது.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. (செய்யாமலே இருந்திருக்கலாம்.) பலகை தட்டையாகத்தானே இருக்கிறது? ஒரு கிண்ணம் மஞ்சளைக் குழைத்து மேலெல்லாம் அப்பி, குங்குமப் பொட்டும் வைத்து, பச்சைக் குழந்தையை ஏந்துவதுபோல் கொண்டுபோய் மணவறையில் வைத்தேன். "பரவால்லயே, மறக்காமக் கொண்டாந்துட்டியே" என்று அக்கா காதோடு சொன்னாள். எனக்கு அழுகை வந்தது.

அக்கா கல்லின்மேல் காலை வைத்தாள். மாப்பிள்ளை கண்ணன் அத்தான் குனிந்து மெட்டியை மாட்டினார். மெட்டி இறுக்கம். பைய அழுத்தினார், ஏறவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். 'டப்'பென்று ஒரு சத்தம்.

மணற்பாறை அடுக்கடுக்காகப் பிளக்கும் என்பது முதல் வருடப் பாடம். மேலடுக்கு கழன்று வழுக்க, அக்காவும் அதோடு வழுக்கி அத்தான் மடியில் உட்கார்ந்துவிட்டாள். கீழடுக்கில், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சுருண்டு கிடந்தது ஒரு கடல் பிராணி.

"ஆத்தாடி, பாம்பு!" என்று முன்வரிசையில் ஒரு அலறல். நாற்காலிகள் சரிந்தன. ஒருவர் நாற்காலியோடு சேர்ந்து சரிந்தார். மேளக்காரருக்கு என்ன புரிந்ததோ, கெட்டிமேளம் வெளுத்து வாங்கினார். அந்த அமளியில் நான் மட்டும், "பாம்பு இல்ல! புதைபடிவம்! முழுசா இருக்கு!" என்று குதித்தேன். சத்தியமாகக் குதித்தேன், சொந்த அக்கா நிலைகுலைந்து கிடக்கும்போது.

மேளம் நின்றது. அம்மா கல்லைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நம்ம அம்மி எங்கல?"

அத்தானின் அம்மா எழுந்து நின்றார். "மிதிச்ச ஒடனே கல்லு பொளந்திருக்கே. இது என்ன சகுனம்?"

சமாளிக்கிறேன் என்று நான் வாயைத் திறந்தேன். "அத்தை, சகுனமெல்லாம் இல்ல. டைனோசர் காலத்துக் கல்லு. உள்ள இருக்கது செத்துப் பல கோடி வருசமாச்சு."

"செத்ததா? மணவறையிலயா?"

"கண்ணா, எந்திரி" என்றார் மகனிடம். ஒரு சாக்கை மாற்றித் தூக்கி என் அக்காவின் வாழ்க்கையையே கெடுத்துவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

அத்தான் எழுந்திருக்கவில்லை. அக்கா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். சிரித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்து அவருக்கும் பொத்துக்கொண்டு வந்தது.

"எம்மா, அம்மி மிதிக்கது எதுக்கு? கல்லு மாதிரி உறுதியா இருக்கணும்னுதான? இவ கல்லவிட உறுதின்னு காட்டிட்டா. பல கோடி வருசமா உடையாத கல்லும்மா! இனிமே நாந்தான் பயப்படணும்." அக்காவின் கால்விரலைக் காட்டினார். "மெட்டியும் ஏறிட்டு."

அவர் அம்மா விறைப்பாகத்தான் நின்றார். உதடு மட்டும் துடித்தது. பிறகு நாற்காலியில் சரிந்து அவரும் சிரித்தாரே ஒரு சிரிப்பு, எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அந்தக் கல்லை வைத்துத்தான் நான் தேறினேன். (மஞ்சளாக இருப்பது இரும்புத்தாதுவா என்று கேட்ட பேராசிரியர், முகர்ந்து பார்த்துவிட்டு மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.)

என் கல்யாணம் கல்லிடைக்குறிச்சியில். பெண் வீட்டார் அம்மியை வைத்ததும் அத்தான் எழுந்து வந்தார். கையில் என் நிலவியல் சுத்தியல், பிடியில் மஞ்சள் கயிறு. குனிந்து அம்மியை மூன்று தட்டுத் தட்டி, காதை வைத்துக் கேட்டு, "கெட்டிதான், மிதிக்கலாம்" என்றார். எங்கள் பக்கம் விழுந்து விழுந்து சிரித்தது. பெண் வீட்டாரோ எங்கள் குலவழக்கம் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அதோடு விட்டதா? மச்சினி கல்யாணத்தில் மாமனார் பதறிக்கொண்டு ஓடி வந்தார். "மாப்ள, சுத்தியல் எங்க? அம்மியத் தட்டாம எப்படி மிதிக்க?" இப்போது இரண்டு வீட்டிலும் தட்டாத அம்மியை எந்தப் பெண்ணும் மிதிப்பதில்லை. சுத்தியல் என்னுடையதுதான். அதை மண்டபத்துக்குக் கொண்டு வருகிற வேலையை மட்டும் அத்தானிடம் கொடுத்திருக்கிறார்கள்.